ராஜாவுக்குப் பெண் கொடுத்தவர்கள்

ஜங்லிகாட், போர்ட் பிளேர்

அன்புள்ள பிலோமி,

கடிதத்தின் உச்சியில் வழக்கம்போல சேசு, மரி, சூசை என்று எழுத வந்தேன். மூன்றாவது பெயரில் பேனா நின்றுவிட்டது. நீ கட்டிக்கொள்ள விரும்பும் யோசெஃபுக்கு உன் அம்மா உன் கடிதம் வந்த அன்றே சூசை என்று பெயர் வைத்துவிட்டாள். "யோசெஃப்னாலும் சூசைன்னாலும் ஒரே புனிதர்தான. நம்ம வாயில நுழையுத மாதிரி கூப்பிட்டா அவுகளுக்கு என்ன குறைஞ்சி போச்சி" என்கிறாள். அவரைப் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, நீ அனுப்பிய புகைப்படத்தில் தொப்பியும் மூக்கும்தான் தெரிகின்றன. ஆனாலும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் "ஹமாரா சூசை" என்று நம் பிள்ளையாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆகவே சூசை விஷயத்தில் உனக்கு இந்த வீட்டில் எதிரி யாரும் இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் உனக்குப் பதில் போடவில்லை. ஏழு வாரம். உன் இரண்டாவது கடிதத்தில், "அப்பா, அவர் வெள்ளைக்காரர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? நேராகச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டது சின்னக் காரியம். நீ வேலை பார்க்கும் இன்ஸ்ப்ரூக்கில் உங்கள் கல்யாணத்தை நடத்தப்போகும் சாமியார், இங்கே நம் கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டும் என்கிறார். மூன்று ஞாயிறு பூசையில் உன் பெயரையும் அவர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவித்து, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று நம் சாமியார் ஒரு காகிதம் தர வேண்டும். அவ்வளவுதான். நம் வீட்டிலிருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடை. இந்த ஏழு வாரத்தில் நான் பலமுறை செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பி, மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். உன் அம்மா மீனை வாங்கி வைத்துவிட்டு, "சாமியாரு இன்னைக்கும் இல்லையாக்கும்?" என்பாள். இல்லை என்று பொய் சொல்வேன்.

வெள்ளைக்காரர் என்பதால் அல்ல, பிலோமி. சத்தியமாக இல்லை. மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியை ஓட்டுகிறவர் என்று நீ எழுதியதைப் படித்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இருபது வருடமாகச் சாத்தத்துக்கும் பம்பூ ஃப்ளாட்டுக்கும் நடுவே ஃபெரி ஓட்டுகிற செராங் நான். ஆட்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்க்கிறவனுடைய பொறுமையும் முன்கோபமும் எனக்குத் தெரியும். அவர் அந்தரத்தில் ஃபெரி ஓட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு நாக்கு எழாததற்குக் காரணம் வேறு. உன் பெயரை அந்தக் கோயிலில் ஏற்கெனவே ஒருமுறை மூன்று ஞாயிறு வாசித்தாகிவிட்டது. அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை எட்டு வருடமாக நான் மட்டும் வைத்திருக்கிறேன். அதை இப்போது எழுதவைத்தது நீ எனக்கு அனுப்பிய புத்தகம்.

என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு நீ அனுப்பினாயே, உன் ஊர்ப் படங்கள் போட்ட ஆங்கிலப் புத்தகம், அதைத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு, ஃபெரி கட்டிக் கிடக்கும் கால் மணி கால் மணி நேரத்தில் அதைப் படித்தேன். ஒரு நடைக்கு ஒரு பக்கம். சில பக்கங்களுக்கு நாலு நடை. உன் ஊர் ஆற்றங்கரை ஊர் என்பதே எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஆண்டெக்ஸ் என்று ஒரு கோமகன் குடும்பம், அந்த இன் ஆற்றின்மேல் பாலம் போட்டதாம். பாலத்தின் தலைமாட்டில் ஒரு சந்தை உண்டானதாம். பாலத்துக்கு முன்னால் அங்கே யாரோ ஒருவன் படகு தள்ளியிருப்பான். அவன் பெயர் புத்தகத்தில் இல்லை. செராங்குகளுக்கு எந்தக் காலத்திலும் இதுதான் கதி.

சந்தை இருந்த கரையில் மலை நெருக்கியதாம், இடம் போதவில்லை. எதிர்க்கரை நிலமோ ஒரு மடத்துக்குச் சொந்தம். கோமகன் மடத்துத் தலைவரிடம் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அந்த நிலத்தை வாங்கி, சந்தையைத் தூக்கி எதிர்க்கரையில் வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நீ தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற ஊர். இதைப் படித்தபோது நான் பம்பூ ஃப்ளாட்டில் இருந்தேன். நாங்கள் வந்த புதிதில் இங்கேயும் காட்டை வெட்டி, அரசாங்கக் கச்சேரியில் சீட்டு எடுக்கவைத்து, இந்தக் குடும்பத்துக்கு இந்தத் துண்டு என்று கையைக் காட்டினார்கள். வங்காளிக்கு ஒரு சரிவு, மலையாளிக்கு ஒரு சரிவு, ராஞ்சிக்காரனுக்கு ஒரு மேடு. ஊர் என்பது யாரோ ஒருவர் மேசையில் பேசி முடித்த பிறகுதான் உண்டாகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆண்டெக்ஸ்காரர்மேல் எனக்கு மரியாதை வந்தது. கெட்டிக்காரர். மலைக்குள் இருந்துகொண்டு ஒரு கடற்கரை நாட்டுக்குக் கோமகன் என்ற பட்டமும் பிறகு அந்தக் குடும்பத்துக்கு வந்ததாம். கடலைப் பார்த்தார்களோ இல்லையோ, பட்டம் இருந்தது.

அடுத்த தலைமுறையில்தான் பெண்கள் வருகிறார்கள். சந்தையை இடம் மாற்றியவரின் மகனுக்குப் பெண்பிள்ளைகள். நாலு பேரைப் பற்றிப் புத்தகம் சொல்கிறது. ஒருத்தி மடத்துத் தலைவியானாள். ஒருத்தியைக் கிழக்கே ஒரு கோமகனுக்குக் கொடுத்தார்கள், அவள் பனியில் செருப்பில்லாமல் நடந்து ஏழைகளுக்குப் பணிவிடை பார்த்து, இன்று பீடத்தில் ஏறி அர்ச்சியசிஷ்டவளாக, புனிதையாக இருக்கிறாள். ஒருத்தியை ஹங்கேரி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், அந்த நாட்டுப் பிரபுக்களே அவளைக் கொன்றுபோட்டார்கள். நாலாவது பெண்ணை பிரான்ஸ் ராஜாவுக்குக் கொடுத்தார்கள். அந்த ராஜாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உயிரோடு இருந்தாள்.

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அகராதியிலும் பார்த்தேன், ஒருவேளை எனக்கு ஆங்கிலம் தப்பாகப் புரிகிறதோ என்று. தப்பில்லை. டென்மார்க்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவளை மறுநாளே வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டான். அவனுக்கு வேண்டிய ஆயர்கள் கூடி அந்தக் கல்யாணம் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நம்பி, அல்லது நம்புவதாகப் பாவித்து, இந்தப் பெண்களின் தகப்பனான ஆண்டெக்ஸ்காரர் தன் மகளைக் கொடுத்தார். பாப்பரசர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாடு முழுக்கக் கோயில்களைச் சாத்தச் சொல்லிவிட்டார். மணி கிடையாது, பூசை கிடையாது. கடைசியில் ஆண்டெக்ஸ்காரரின் மகளை அரண்மனையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வருடமே செத்துப்போனாள். இங்கே என் படகு நிறைய ஆட்கள் ஏறி உட்கார்ந்து "செராங், சலோ பாய்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அந்தத் தகப்பனுக்கு முதலிலேயே தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ராஜாவுக்கு மாமனாராகும் ஆசையில் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும், பிலோமி, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன்.

இனி உனக்குத் தெரிந்த பாதி. உனக்குப் பத்தொன்பது வயது. மெயின்லேண்டில் நாங்கள் விட்டுவந்த நம் கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்கள் கரையிலேயே பெரிய வீடு. அவர்கள் வள்ளத்தில் என் அப்பா கூலிக்கு வலை இழுத்தவர். அந்த வீட்டுப் பையனை என் மகளுக்குக் கேட்டுக் கடிதம் வந்தபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. இங்கே நம்மைச் சுற்றி வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர். பிள்ளைகள் எல்லாம் இந்தியில் சண்டை போட்டு இந்தியில் சமாதானமாகி வளர்ந்தீர்கள். நீ யாரையாவது இழுத்துக்கொண்டு வந்து நிற்பாயோ என்று எனக்குள் ஒரு பயம். நம் கரை, நம் ஆட்கள், அதுவும் பெரிய வீடு. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மாவிடம்கூட முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னேன். அவர்கள் ஊர்ச் சாமியாரின் கடிதம் வந்த பிறகுதான் ஓலை வாசிக்க வேண்டும். ஆனால் கப்பல் தள்ளிப்போனது, தபசு காலம் நெருங்கியது, தபசில் கல்யாணம் கிடையாது. நான் அப்போதிருந்த கிழவர் சாமியாரைக் கெஞ்சிக் கூத்தாடி, கடிதம் கப்பலில் வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லி, மூன்று ஓலையையும் வாசிக்க வைத்தேன்.

கடிதம் கப்பலில் வரத்தான் செய்தது. அதே கப்பலில் மாப்பிள்ளையும் வீட்டாரோடு வந்தான். மாப்பிள்ளை பெட்டியோடு இறங்க, தபால் மூட்டையில் அவன் ஊர்ச் சாமியார் எழுதிய காகிதமும் இறங்கியது. கொழும்பில் ஒரு பெண்ணைக் கோயிலில் வைத்தே கட்டியிருக்கிறான், அவள் பிள்ளையோடு கரைக்கு வந்து நிற்கிறாள், கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று. பந்தல் போட்டாகிவிட்டது, பன்றியும் கட்டிக் கிடந்தது. கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தத் தீவில் மட்டும் நடக்கக்கூடிய கூத்து. அந்தக் கப்பல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. மெட்ராஸ் கப்பல் வர இருபத்திரண்டு நாள். பெண் வீட்டார் விரட்டினாலும் மாப்பிள்ளை வீட்டார் போக இடமில்லை, சுற்றிலும் கடல். மாப்பிள்ளையையும் அவன் மாமன்மாரையும் கோயில் கொட்டகையில் போட்டார்கள். அவன் அம்மாவுக்கு மறுநாளே குளிர்காய்ச்சல் வந்து நடுங்கினாள். உன் அம்மா வாசலில் நின்று திட்டிக்கொண்டே அந்த அம்மாளை நம் வீட்டுக்குள் கூட்டிவந்தாள்.

பதினேழு நாள் அவளுக்குக் கஞ்சி காய்ச்சியது நீ. நெற்றியில் துணி நனைத்துப் போட்டது நீ. நான் அந்தப் பக்கமே வரவில்லை, மூன்று நடைக்குப் பதில் ஐந்து நடை வேலை கேட்டு வாங்கிக்கொண்டு கடலிலேயே கிடந்தேன். ஊசி போட வந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் உன்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குக் கை நல்லாருக்கு, நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு அனுப்புங்க" என்று சொன்னது அப்போதுதான். அந்த அம்மாள் கப்பல் ஏறும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுததும், உன் அம்மா "போதும் போதும், சீட்டி ஊதிட்டான்" என்று பிரித்துவிட்டதும் ஜங்லிகாட்டில் இன்றும் பேச்சு. நீ மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனதை ஊர் வெட்கத்தால் போனதாகச் சொன்னது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

மீதிப் பாதி இது. முதல் ஓலை வாசிப்பதற்கு முந்திய வாரம் சந்தியாகு என்னைத் தேடி ஜெட்டிக்கு வந்தான். மின்னி பே கடற்கரையில் வலை போடுகிற நம் சந்தியாகுதான், நீ அண்ணன் என்று கூப்பிடுவாயே. அவன் இங்கே வருமுன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். "மாமா, ஒமக்கு ஒரு சேதி சொல்லணும். கோவிச்சிக்கிடாதியும். அந்தப் பயலுக்குக் கொழும்புல ஒருத்தி இருக்கா. கோயில்ல வச்சிக் கட்டுனவ. நான் கண்ணால பாத்தேன்" என்றான். எனக்கு வந்தது கோபம், அதுவும் அவன்மேல். "பெரிய வீட்டுப் பயலப் பத்திக் கண்டவனும் கதை கட்டுவான். என் வீட்டு விசயத்த நான் பாத்துக்கிடுதேன். நீ வாயத் தொறந்தா உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பொய்யாக இருந்தால் நல்லது என்று எண்ணிக்கொண்டேன். உண்மையாக இருந்தாலும் பெரிய இடம், எதையாவது செய்து அதை ரத்து செய்திருப்பார்கள் என்றும் எண்ணிக்கொண்டேன். பிரான்ஸ் ராஜாவின் ஆயர்கள் எழுதிய காகிதத்தை நான் மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டேன். விசாரித்து ஒரு கடிதம்கூடப் போடவில்லை, பதில் வந்துவிடும் என்ற பயத்தால். மூன்று ஞாயிறும், தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கிழவர் வாசிக்க, தெரிந்த நான் முதல் பெஞ்சில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காகிதம் மட்டும் ஒரு கப்பல் பிந்தியிருந்தால் உன் வாழ்க்கை என்னவாகியிருக்கும்?

ஆண்டெக்ஸ்காரர் என்னைக் கோயிலுக்குத் துரத்தினார் என்றே வைத்துக்கொள். போன வாரம் சாமியாரைப் பார்த்தேன். இப்போதிருப்பவர் கோவாக்காரர், இளவயது, தமிழ் பாதி இந்தி பாதி. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "கோயி ருகாவட் தோ நஹீ, செராங்ஜி? தடை ஒண்ணும் இல்ல?" நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "இத எங்கிட்டச் சொன்னது சரி. பிலோமினாகிட்ட எப்பச் சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள், "அவளுக்கு எழுதும். எழுதி முடிச்சிட்டு எங்கிட்டப் பேசும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். இன்று முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது முடிந்தால்தான் சாமியார் காகிதம் தருவார், அதுவரை இந்தக் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

சாமியார் அறையில் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அவரிடம் கேட்டு அந்தக் குடும்பத்தின் முடிவையும் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களின் தகப்பன் போய், அவர் மகன் போய், பேரன் காலத்தில் வாரிசு இல்லாமல் ஆண்டெக்ஸ் வம்சமே அற்றுப்போனது. அந்தக் கடைசி ஆள்தான் உன் ஊருக்கு நகர உரிமைகளை உறுதி செய்து எழுதிக் கொடுத்தவராம். ஊர் அப்புறம் பக்கத்து மலைக்காரக் கோமகன் கைக்குப் போனது. இத்தனை பெரிய சம்பந்தங்களால் அவர்களுக்கு ஆனது ஒன்றுமில்லை. ராஜாவுக்குக் கொடுத்த பெண்கள் அழிந்தார்கள். பாலமும் சந்தையும் நின்றன. நோயாளிக்கும் ஏழைக்கும் பணிவிடை பார்த்த பெண்ணுக்குத்தான் ஊர் ஊராக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த நாலாவது பெண்ணை அரண்மனையிலிருந்து அனுப்பியபோது அவள் தகப்பன் ஒரு வரியாவது எழுதினாரா என்று சாமியாரிடம் கேட்டேன். இரண்டு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "குச் நஹீ லிக்கா" என்றார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உனக்கு நான் சொல்லும் புத்தி இது ஒன்றுதான்: சூசையிடம் எதையாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே கேட்டுவிடு. பதிலுக்குப் பயந்து கேள்வியை விழுங்காதே. என்னைப்போல நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

இரண்டாவது ஓலை முடிந்த வாரம் இது. மேலே எழுதியதோடு கடிதத்தை முடிக்கலாம் என்று இருந்தேன். சந்தியாகுவிடம் மன்னிப்புக் கேட்காமல் முடித்தால் ஆகாது என்று உன் அம்மா சொன்னாள். எழுதி முடித்தால் பேசலாம் என்றவள், முடிக்கும் முன்பே அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டாள், அதுவே எனக்குப் போதும். மின்னி பேக்குப் போனேன். எட்டு வருடமாக நானும் அவனும் பூசையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. வலையைப் பரப்பிப் போட்டு ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அன்னைக்கி உன் வாய அடைச்சது தப்பு, சந்தியாகு. நீ எந்திரிச்சிச் சொல்லியிருக்கணும், நானே விட்டிருக்கணும்" என்றேன். அவன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் சொல்லத்தான் இருந்தேன், மாமா. தங்கச்சிதான் விடல" என்றான்.

எனக்குப் புரியவில்லை. எந்தத் தங்கச்சி என்று கேட்டேன்.

"பிலோமிதான். ஒமக்குச் சொன்ன மறுநாளே அவகிட்டயும் சொல்லிட்டேன். அவ வாழ்க்கையில்லா? மொதல் ஓலை அன்னைக்கி நான் எந்திரிக்கப்போறேம்னு சொன்னேன். வேண்டாம்ண்ணே, அப்பாவுக்குத் தெரியும், அப்பா எந்திரிப்பாவன்னுட்டா. ரெண்டாவதுலயும் அதையேதான் சொன்னா. மூணாவது முடிஞ்சி வெளிய வந்தப்ப, இன்னும் கல்யாணத்துக்கு நாள் இருக்குண்ணே, எந்திரிப்பாவன்னா. அதுக்குள்ள கப்பல் வந்துட்டு."

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உனக்கு எட்டு வருடமாகத் தெரியும். பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு நீ உட்கார்ந்திருந்ததை அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய், மூன்று ஞாயிறு. எல்லாம் தெரிந்துகொண்டு அந்த அம்மாளுக்குக் கஞ்சி காய்ச்சினாய். எல்லாம் தெரிந்துகொண்டு, படிக்கக் கப்பல் ஏறும்போது என் காலைத் தொட்டாய். மாதம் தவறாமல் கடிதம் போட்டாய், குளிருக்குக் கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பினாய், அதை இந்த வெயில் ஊரில் போட்டுக்கொண்டு நான் ஃபெரி ஓட்டி ஊரே சிரித்தது. ஒரு கடிதத்திலாவது குத்திக் காட்டியிருக்கலாம். எதற்கும் வாய் கொடுக்கிற பெண் நீ, இதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வாரம் பதில் இல்லாதபோதுகூட, பிடிக்கவில்லையா என்றுதான் கேட்டாய். மேலே எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லி ரகசியத்தை உடைக்கிறவன்போலப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். கிழிக்கவில்லை. நான் என் வாயால் சொன்னேன் என்பது உன்னிடம் இருக்கட்டும்.

இன்று மூன்றாவது ஓலை. பூசைக்கு நான் முன் பெஞ்சுக்குப் போகவில்லை, நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். உன் அம்மா பெண்கள் பக்கம். சந்தியாகு பின்னால் தூண் ஓரம். சாமியார் உன் பெயரை வாசித்தார், என் பெயரையும் அம்மா பெயரையும் வாசித்தார், சூசையின் குடும்பப் பெயரை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக வாசித்து முடித்தார். பிறகு, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றார்.

நான் எழுந்தேன்.

கோயில் முழுவதும் திரும்பியது. எட்டு வருடத்துக்கு முந்தியதை அறிந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "க்யா ஹுவா, செராங்ஜி? தடை ஏதாவது?" என்றார். என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒரு தடையும் இல்ல, சாமி. எந்திரிக்க வேண்டியது இருந்துச்சி, எந்திரிச்சேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். சாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "டீக் ஹை. பைட் ஜாயியே" என்றார். நான் உட்காரவில்லை. விசுவாசப் பிரமாணச் செபத்துக்கு எல்லாரும் எழுந்தபோது நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

சாமியார் கையெழுத்துப் போட்ட காகிதம் இதனுடன் இருக்கிறது, மடிப்பில் கிழியாமல் எடு. நான் எழுந்து நின்றதைப் பார்க்க நீ உட்கார்ந்திருக்க வேண்டிய பெஞ்சில் இன்று வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன், பிலோமி. அப்பா எழுந்துவிட்டேன்.

உன் அப்பா